பேனாவுக்கு முன் விற்பவரைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் பார்க்கர் 51 வாங்கினேன். ‘1950களில் செய்தது, பயன்படுத்தாத பழைய சரக்கு’ என்று போட்டிருந்தார்கள். வந்த பேனாவில் மூடி ஒரு பொன்னிறம், கிளிப் வேறு பொன்னிறம். உடலிலோ மூடியிலோ ஓர் எழுத்துகூட இல்லை. விற்றவர் முதலில் ஒழுங்காகப் பதில் போட்டார், இப்போது சத்தமே இல்லை. என்ன செய்வது அம்மா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாட்ஸ்வொர்த்

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது பல பேனாக்களின் உதிரிகளை எடுத்து ஒன்றாகக் கோத்தது. என் மேசைக்குப் பழுது பார்க்க வரும் 51களில் இந்த வகை அடிக்கடி வருகிறது.

பார்க்கர் 51 விற்பனைக்கு வந்தது 1941இல். அப்போது அது அடியில் இருக்கும் குமிழை அழுத்தி மை இழுக்கிற வகை. 1948இல்தான் உலோக உறைக்குள் இருக்கும் பையைப் பிதுக்கி நிரப்புகிற வகை வந்தது. உங்களுடையது இரண்டாவது. அசல் உறையின் மேல் எப்படி நிரப்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். உங்கள் படத்தில் அந்த இடம் மொட்டையாக இருக்கிறது. பேனாவின் பெயரும் நாட்டின் பெயரும் உடலிலோ மூடியின் விளிம்பிலோ இருக்க வேண்டும். பயன்படுத்திப் பயன்படுத்தித் தேய்ந்த பேனாவில், அல்லது யாரோ அழுத்தித் தேய்த்து மெருகு போட்ட பேனாவில் அந்த எழுத்து அழிந்துபோகும். பயன்படுத்தாத பேனாவில் எப்படி அழியும்? விற்றவரின் ஒரு வாக்கியத்தை அவருடைய பேனாவே பொய்யாக்குகிறது. உங்கள் புகாருக்கு இந்த ஒன்றே போதும்.

இன்னொன்று. 51இல் நிப் முழுக்கத் தெரியாது. மேலே இருக்கும் ஓட்டுக்குள் ஒளிந்து நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். அந்த ஓட்டின் மூக்கும் நிப்பின் பிளவும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். உங்களுடையதில் ஓடு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. திறந்து மூடியவர் அவசரத்தில் இருந்திருக்கிறார்.

இனி பணத்தைப் பார்ப்போம். விற்றவருக்குத் தனியாக எழுதிக்கொண்டே இருக்காதீர்கள். தளத்தின் புகார்ப் பக்கத்திலேயே புகாரைப் பதியுங்கள். ஈபேயில் பொருள் கைக்கு வந்த 30 நாளுக்குள் பதிய வேண்டும். பேபால் வழியாகப் பணம் கட்டியிருந்தால் அங்கேயும் புகார் பதியலாம், எத்தனை நாள் அவகாசம் என்று அவர்கள் பக்கத்திலேயே பாருங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் எழுத்தில் கேட்கலாம். ‘பொருள் விவரித்தபடி இல்லை’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். ‘பிடிக்கவில்லை’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். ‘புகாரை மூடிவிடுங்கள், நாளைக்கே பணம் போடுகிறேன்’ என்று விற்றவர் கெஞ்சினால் மசியாதீர்கள். மூடிய புகாரை மறுபடி திறக்க வழியில்லாமல் போகும். முதலில் பணம் வரட்டும்.

பேனா நன்றாக எழுதுகிறது, வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோத்த பேனா என்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றிருந்தால் நான் தாராளமாக வாங்கச் சொல்வேன். தினமும் எழுதுவதற்கு அது போதும். ஆனால் நீங்கள் கொடுத்தது அசலின் விலை. திருப்பி அனுப்புங்கள் ஐயா.

கேள்வி: வெளிநாட்டுக் கடையில் 2,000 ரேண்ட் விலைக்கு ஒரு பேனா பார்த்து வைத்திருக்கிறேன். வந்து இறங்கும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் அக்கா? குறைந்த விலை போட்டு அனுப்பட்டுமா என்று கடைக்காரரே கேட்கிறார்.
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: கணக்கு இதுதான். நம் தென்னாப்பிரிக்கச் சுங்கத்தில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 15 சதவீதம். அதைப் பொருளின் விலைக்கு நேராகப் போடமாட்டார்கள். முதலில் விலையோடு 10 சதவீதம் கூட்டுவார்கள், சுங்கவரி இருந்தால் அதையும் கூட்டுவார்கள், பிறகுதான் 15. சுங்கவரி ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் 2,000 முதலில் 2,200 ஆகும், அதற்கு வாட் 330. இதற்கு மேல் கூரியர் கம்பெனி ‘சுங்க வேலை பார்த்த கூலி’ என்று தனியாக ஒன்று வாங்கும். அது எவ்வளவு என்று பேனாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கூரியரிடம் கேளுங்கள். மலிவான பேனாவில் இந்தக் கூலி வரியைவிடப் பெரிதாக நிற்கும்.

சுங்கத் தாளில் விலை குறைத்துப் போடும் யோசனை வேண்டாம். அது பொய்க் கணக்கு. அதோடு, வழியில் பேனா தொலைந்தாலோ உடைந்தாலோ காப்பீடு அந்தக் குறைந்த விலையைத்தான் கொடுக்கும். அப்படி ஒரு யோசனையைத் தானாகவே முன்வைக்கிற கடைக்காரர் வேறு எதிலெல்லாம் அப்படி இருப்பாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் அங்கே வாங்கமாட்டேன்.

கேள்வி: இங்கே டர்பனிலேயே ஓர் ஆன்லைன் கடையில் புதுப் பேனா வாங்கினேன், மகனின் பட்டமளிப்புக்கு. கீறுகிறது. ‘மை நிரப்பிவிட்டால் திரும்ப எடுக்கமாட்டோம்’ என்கிறார்கள். பேனாவில் மகன் பெயர் பொறித்திருக்கிறது.
– டொங்காட்

பதில்: இங்கே இரண்டு சட்டங்கள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி ஆன்லைனில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. ஆனால் ஏலத்தில் எடுத்த பொருளுக்கு இது கிடையாது. நமக்கென்று பெயர் பொறித்துச் செய்த பொருளுக்கும் கிடையாது. ஆகவே இந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிட்டது.

இரண்டாவது, 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கடையில் வாங்கிய பொருளில் குறை இருந்தால் 6 மாதத்துக்குள் பழுது பார்த்துத் தரச் சொல்லலாம், மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தையும் கேட்கலாம். மூன்றில் எது என்று தீர்மானிப்பது நீங்கள், கடை இல்லை. பெயர் பொறித்ததும் மை நிரப்பியதும் இந்த உரிமையைத் தட்டிப் பறிக்காது. மை நிரப்பாமல் ஒரு பேனா கீறுகிறதா என்று யாருக்குத் தெரியும்? இதையே கடைக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் போட்டு எழுதுங்கள்.

அதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடி எடுத்து நிப்பின் நுனியை நேராகப் பாருங்கள். பிளவின் இரு பக்கமும் உள்ள இரண்டு பல்லும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று முடியளவு மேலே ஏறியிருந்தாலும் கீறும். கூரியர் பெட்டி கீழே விழுந்தாலே இப்படி ஆகலாம். தெரிந்தால் படம் எடுத்துப் புகாரோடு சேருங்கள். நீங்களாக வளைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அப்புறம் குறை உங்கள் தலையில் வந்து விழும்.

அடுத்த முறை பரிசுக்கு வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை: பெயர் பொறிக்காமல் வரவழையுங்கள். நிப்பை மட்டும் மையில் தொட்டு நாலு வரி எழுதிப் பாருங்கள். திருப்தி என்றால் பெயரை இங்கேயே பொறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குத் தமிழ்நாட்டில் கையால் கடைந்த எபோனைட் பேனா வரவழைக்க ஆசை. திருவள்ளூரில் செய்கிறார்களாமே, நம்பி வாங்கலாமா?
– வாசகர், லெனேசியா

பதில்: நல்ல ஆசை. திருவள்ளூரில் இருக்கும் ரங்கா என்ற பேனாக் கடை, சேகரிப்பவர்கள் பலருக்கும் தெரிந்த பெயர். என்னிடமும் பச்சையும் கறுப்பும் மரத்தின் ரேகை போல ஓடுகிற எபோனைட் பேனா ஒன்று இருக்கிறது. கடை ஆட்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை வைத்தே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொண்டேன்: எழுதும்போது மூடியைப் பின்னால் செருகுவீர்களா, விரல் பிடிக்கும் இடம் எவ்வளவு தடிமன் வேண்டும், மையை நேரடியாக உடலில் ஊற்றுவீர்களா, கழற்றி மாட்டும் மைக்குழாய் வைத்துக்கொள்வீர்களா. இப்படிக் கேட்கிறவரிடம் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டலாம். கையால் செய்வது என்பதால் வாரக்கணக்கில் ஆகும். பிறந்தநாளுக்கு நிறைய அவகாசம் வைத்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் அப்பாவின் கை அளவையும் எழுதுங்கள்.

எபோனைட் என்பது ரப்பர்தான். ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்துச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் மரம்போல் இறுகிவிடும். புதுப் பேனாவின் மூடியைத் திறந்தால் கந்தக வாடை வரும். அதைப் பார்த்துப் பழுது என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். கொஞ்ச நாளில் அடங்கிவிடும். வெயிலும் நீரும் இதற்கு ஆகாது, கறுப்பு பழுப்பாக வெளுத்துவிடும். ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம். கழுவ வேண்டுமானால் நிப் பகுதியை மட்டும் பச்சைத் தண்ணீரில் கழுவி உடனே துடையுங்கள்.

உடலில் நேரடியாக மை ஊற்றும் வகையாக இருந்தால் மரையில் சிலிகோன் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், மை கசியாது. மை பாதிக்குக் கீழே இறங்கும்போது பேனா திடீரென்று ஒரு சொட்டு கக்கும். காலியான இடத்தில் இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளுவதுதான் காரணம், பேனாவின் குறை அல்ல. மை இறங்குமுன் மறுபடி நிரப்பிவிட்டால் சரி. இதை அப்பாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வெள்ளைச் சட்டைக்காரராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: நிப்பில் ‘இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி’ என்று இருக்கிறது. ஜெர்மன் பேனாவா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அந்த எழுத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது கம்பெனிப் பெயர் இல்லை. மிக மலிவான பேனாக்களிலும் அதைப் பொறித்து விடுகிறார்கள். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். தங்க நிப் என்றால் 585 அல்லது 750 என்ற எண்ணையோ 14, 18 காரட் குறியையோ தேடுங்கள்.

கேள்வி: லிமிடெட் எடிஷன் பேனாக்களை வாங்கி வைத்தால் பிற்பாடு நல்ல விலைக்குப் போகும் என்கிறார் நண்பர். என் சேமிப்பில் ஒரு பங்கை அதில் போடலாமா?
– கல்லூரி மாணவர், டர்பன்

பதில்: போடாதீர்கள் தம்பி. பெட்டியில் ‘5,000இல் ஒன்று’ என்று எண் போட்டுவிட்டால் மட்டும் ஒரு பொருள் அரிதாகிவிடாது. அதைத் தேடி அலைகிற 5,001ஆவது ஆள் இருந்தால்தான் விலை ஏறும். மறுவிற்பனையில் பெட்டி, உத்தரவாத அட்டை, மை தொடாத நிப் எல்லாம் கேட்பார்கள். அப்படியானால் அந்தப் பேனாவால் நீங்கள் ஒரு வரிகூட எழுத முடியாது.

2009இல் மோன்ட் பிளாங்க் என்ற பேனாக் கம்பெனி காந்தியின் பெயரில் 241 பேனாக்கள் செய்தது, தண்டி யாத்திரையின் 241 மைலுக்கு ஒன்று வீதம். இந்தியாவில் விலை 11 லட்சம் ரூபாய்க்கு மேல். இதை எதிர்த்துக் கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், 2010இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தினார்கள். அந்தப் பேனாவின் வேலைப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் டர்பனை ஒட்டிய நம் ஃபீனிக்ஸில் 1904இல் அச்சகம் வைத்துத் தமிழிலும் பத்திரிகை அச்சடித்தவர். 1909இல் கப்பலில் எழுதிக்கொண்டு வரும்போது வலக்கை ஓய்ந்ததும் இடக்கைக்குப் பேனாவை மாற்றிக்கொண்டவர். எழுதுவதற்காகவே பேனா பிடித்த ஒருவரின் பெயரால் எழுதக்கூடாத பேனாவை விற்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரு நல்ல பேனா வாங்குங்கள், அதனால் உங்கள் பாடக் குறிப்பை எழுதுங்கள். சேமிப்பு வங்கியில் இருக்கட்டும்.

கேள்வி: தாத்தாவின் பழைய ஷேஃபர் பேனாவை ஆன்லைனில் விற்க நினைக்கிறேன். என்ன விலை போடலாம்? மெருகு போட்டால் கூடுதலாகக் கிடைக்குமா?
– வாசகி, மெரிபேங்க்

பதில்: விலையை மற்றவர்கள் கேட்கும் தொகையைப் பார்த்துப் போடாதீர்கள். அதே மாதிரிப் பேனா கடைசியில் என்ன விலைக்கு முடிந்தது என்று பாருங்கள், ஏலத் தளங்களில் ‘விற்றவை’ என்று தனியாகக் காட்டும். மெருகு வேண்டவே வேண்டாம். மேலே இருக்கும் எழுத்து தேய்ந்தால் பாதி மதிப்பு போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். உள்ளே காய்ந்த மை இருக்கும், அதைப் பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், வெந்நீர் கூடாது.

படம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நிப்பை மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுங்கள், மூடியின் விளிம்பைத் தனியாக எடுங்கள், மெல்லிய விரிசல் அங்கேதான் வரும். விரிசல் இருந்தால் அந்த இடத்தை இன்னும் நெருக்கமாக எடுத்துப் போடுங்கள். மை இழுக்கிறதா என்று தெரியாவிட்டால் ‘சோதிக்கவில்லை’ என்றே எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் வாங்குபவர்களிடம் நான் எதையெல்லாம் கேட்கச் சொல்கிறேனோ, அதற்கெல்லாம் பதில் உங்கள் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும்.

உடலில் தாத்தாவின் பெயர் பொறித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டாம். பெயரோடு படம் போடுங்கள், அவர் என்ன வேலை செய்தார், எந்த ஊர் என்று ஒரு வரி சேருங்கள். அதைப் பார்த்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பும்போது உள்ளே மை ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. பேனாவைக் கெட்டியான குழாயில் போட்டு, இரண்டு முனையிலும் பஞ்சு வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் கூரியரில் அனுப்புங்கள்.