பிராசஸர் போட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: புது பிராசஸர் வந்துவிட்டது, எதிராளியை ஓரங்கட்டிவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வாங்கப் போனால் மட்டும் ஸ்டாக் இல்லை. வேண்டுமென்றே பதுக்குகிறார்களா?

பதில்: பதுக்குவதற்கே அவர்களிடம் சரக்கு இருப்பதில்லை, பல சமயம் அதுதான் நிஜம். ஒரே சிலிக்கான் வேஃபரிலிருந்து (சிப்புகள் உருவாகும் வட்டத் தகடு) வெட்டி எடுத்தாலும் எல்லா சிப்பும் ஒரே தரத்தில் இருக்காது. ஒன்று 5 கிகாஹெர்ட்ஸில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும், பக்கத்தில் இருந்தது அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும், இன்னொன்றில் ஒரு கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் தனிப் பகுதி) வேலையே செய்யாது. ஒவ்வொன்றாகச் சோதித்து ரகம் பிரிப்பார்கள்; பழுதான கோரை முடக்கிவிட்டு, அந்த சிப்பைக் கீழ் மாடலாக விற்றுவிடுவார்கள். உச்சாணி மாடலுக்குத் தேறுவது கொஞ்சம்தான், அதிலும் புதுத் தயாரிப்பு முறை என்றால் ஆரம்ப மாதங்களில் இன்னும் குறைவு. விமர்சகர்களுக்கு அனுப்பி, முதலிடம் பிடித்துவிட்டோம் என்று அறிவிக்க அது போதும், கடைக்கு அனுப்பப் போதாது.

இது நேற்று ஆரம்பித்த கதையும் இல்லை. பிராசஸர் சந்தையில் பழைய போட்டியாளர்கள் இன்டெலும் ஏஎம்டியும். 2000 மார்ச் 6-ல் ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லான் பிராசஸரை அறிவித்தது. இன்டெல் சும்மா இருக்குமா? இரண்டே நாளில், மார்ச் 8-ல், அதே வேகத்தில் பென்டியம் 3 வந்துவிட்டது, ஆனால் மிகக் குறைந்த எண்ணிக்கையில். அதோடு விட்டிருக்கலாம். ஜூலை கடைசியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 என்று ஒன்றை விட்டார்கள். அதைச் சோதித்தவர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைக் கம்பைல் செய்து (மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கனமான வேலை) பார்த்தால் பாதியில் தடுமாறுகிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. முதலிடத்துக்கு அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான்.

கேள்வி: இரண்டில் யார் முன்னால் போனால் எனக்கென்ன? வேலை நடந்தால் சரி.

பதில்: யார் முன்னால் என்பது முக்கியமில்லை, பின்னால் ஒருவர் விரட்டிக்கொண்டு வருகிறாரா என்பது முக்கியம். 2007 தொடக்கத்தில் வந்த இன்டெலின் கோர் 2 குவாட் கியூ6600 பிராசஸரில் 4 கோர். பத்து வருஷம் கழித்து, 2017 ஜனவரியில் வந்த கோர் ஐ7-7700கே-யிலும் அதே 4 கோர்! ஒவ்வொரு கோரும் நன்றாகவே வேகம் கூடியிருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஏஎம்டியின் புல்டோசர் பிராசஸர் 2011-ல் சொதப்பிய பிறகு, சாதாரண டெஸ்க்டாப்பில் கோர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டிய நெருக்கடி இன்டெலுக்கு இல்லை. 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் 8 கோருடன் வந்து நின்றது. அப்புறம் பாருங்கள், அதே வருஷம் அக்டோபரில் இன்டெல் 6 கோர் கொடுத்தது, அடுத்த வருஷம் ஐ9-9900கே-யில் 8. பத்து வருஷமாக வராதது ஒன்றரை வருஷத்தில் வந்துவிட்டது.

கேள்வி: இன்டெலுக்குத்தான் சொந்தத் தொழிற்சாலைகள் இருக்கின்றனவே, அவர்களுக்கு எப்படித் தட்டுப்பாடு வரும்?

பதில்: வந்ததே, 2018-ல். 10 நானோமீட்டர் என்ற புதுத் தயாரிப்பு முறை தள்ளிக்கொண்டே போனதால், அதற்கு மாறியிருக்க வேண்டிய சிப்புகளும் பழைய 14 நானோமீட்டர் உற்பத்தி வரிசையிலேயே வந்து நெரிந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், ஏஎம்டிக்குப் பதில் சொல்ல கோர்களைக் கூட்டினார்கள் அல்லவா, கோர் கூடினால் சிப் பெரிதாகும், சிப் பெரிதானால் ஒரு வேஃபரில் வெட்டக் கிடைக்கும் எண்ணிக்கை குறையும். போட்டியில் கொடுத்த பதிலே தட்டுப்பாட்டையும் கூட்டிவிட்டது. அப்போது தற்காலிகத் தலைவராக இருந்த பாப் ஸ்வான் பகிரங்கக் கடிதம் எழுதி, கூடுதலாக 100 கோடி டாலர் முதலீடு செய்வதாகச் சொன்னார்.

ஏஎம்டி 2009-லேயே தொழிற்சாலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது, அதுதான் குளோபல் ஃபவுண்டரிஸ். பிற்பாடு 7 நானோமீட்டருக்கு, மற்றவர்களுக்கு சிப் செய்து கொடுக்கும் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியிடம் போனது. நல்ல தொழில்நுட்பம் கிடைத்தது, கூடவே வரிசையில் நிற்கும் தலைவலியும். 2020 கடைசியில் ரைசன் 5000, பிளேஸ்டேஷன் 5, புது எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றுக்குமே ஏஎம்டியின் சிப்புதான், எல்லாமே அதே 7 நானோமீட்டர் வரிசையில்தான். ஒன்றுக்கு ஒதுக்கிய வேஃபர் இன்னொன்றுக்குக் கிடைக்காது. அந்த நேரம் ரைசன் 5000 தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: இப்போதே வாங்கட்டுமா, அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கட்டுமா?

பதில்: தேவை இருந்தால் வாங்குங்கள், கையில் இருப்பது ஓடினால் விடுங்கள். வாங்குவதாக இருந்தால் உச்ச மாடலை விட்டு ஒரு படி கீழே பாருங்கள். கடைசி சில சதவீத வேகத்துக்காக சிப்பை எல்லை வரை விரட்டிய மாடல்கள்தான் மேலே இருக்கும், விலைக்கும் சூட்டுக்கும் அதுவே காரணம். 2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் அளவுக்கு மீறி வோல்டேஜ் ஏறி, சில சிப்புகள் நிலைகுலைந்த சமாச்சாரம் தெரிந்திருக்கும். ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் (சிப்பின் உள் நிரலுக்கான திருத்தம், பயாஸ் அப்டேட்டோடு வரும்) வந்தது, உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். அந்தத் தலைமுறை சிப் வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் பயாஸை இன்னும் அப்டேட் செய்யவில்லை என்றால், முதலில் அதைச் செய்யுங்கள்.