வெள்ளி மாலை அழைத்து வந்து ஞாயிறு மாலை விடலாமா?

கேள்வி: நாங்கள் பண்ணைக்காட்டில் வசிக்கிறோம். என் கணவருக்கு 53 வயது, எனக்கு 48. கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது; மகன் கோவையில் வேலையில் இருக்கிறான். கொடைக்கானலில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அன்னதானம் கொடுக்கப் போய் வந்ததில், அங்குள்ள பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எங்களோடு ஒட்டிக்கொண்டாள். அவளுடைய தம்பியும் அங்கேயே இருக்கிறான். தத்தெடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மாதம் இரண்டு வார இறுதியாவது அவளை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறோம். "நோட்டரியிடம் ஒரு பத்திரம் எழுதுங்கள், டிரஸ்டுக்கு ஒரு நன்கொடை கொடுங்கள், வெள்ளிக்கிழமை கூட்டிப் போய் ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடுங்கள்" என்கிறார் நிர்வாகி. வத்தலக்குண்டில் ஒருவர் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இப்படிச் செய்தால் குற்றமாகுமா? ஒவ்வொரு ஞாயிறும் திரும்பக் கொண்டுபோய் விட்டால் பிள்ளையின் மனம் கெட்டுப்போகாதா?

பதில்: அந்தச் சிறுமியை வார இறுதியில் நீங்கள் வீட்டுக்கு அழைத்து வரலாம். ஆனால் திண்டுக்கல் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின், அதாவது பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கச் சட்டப்படி அமைக்கப்பட்ட குழுவின், எழுத்துபூர்வமான உத்தரவு உங்கள் கைக்கு வந்த பிறகே அழைத்து வர வேண்டும். நிர்வாகியின் வாய்ச்சொல்லும் நோட்டரியின் முத்திரையும் அந்த உத்தரவுக்கு ஈடாக மாட்டா.

நீங்கள் கேட்பது ஃபாஸ்டர் கேர் எனப்படும் வளர்ப்புப் பராமரிப்பு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் ஒரு குழந்தையைக் குழுவின் உத்தரவின் பேரில், தகுதியுள்ளது என ஏற்கப்பட்ட வேறொரு குடும்பத்தில், குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ தங்க வைக்கலாம் என்கிறது. வார இறுதி என்று தனி வகை அந்தப் பிரிவில் இல்லை. குறுகிய காலம் என்பதற்குள்தான் உங்கள் கோரிக்கை அடங்குகிறது. அதே சட்டத்தின் 98ஆம் பிரிவில் விடுப்பு அனுமதி என்று ஒன்று இருக்கிறது. தேர்வு, உறவினர் திருமணம், சாவு, பெற்றோரின் கடும் நோய் போன்ற காரணங்களுக்காகப் பொதுவாக ஏழு நாளுக்கு மிகாமல் குழந்தையை அனுப்பி வைப்பது அது. அதையும் குழுதான் கொடுக்க வேண்டும், அது உங்கள் நிலைமைக்குப் பொருந்தவும் பொருந்தாது. "விடுப்பில் அனுப்பியதாக எழுதிக்கொள்கிறேன்" என்று நிர்வாகி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது அந்தப் பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையிலும் அடிவாரத்திலும் நல்ல மனம் படைத்த குடும்பங்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் இடம் அதுதான். 20 ரூபாய் முத்திரைத் தாளில், "இந்தக் குழந்தையை என் முழுச் சம்மதத்துடன் இன்னாரிடம் ஒப்படைக்கிறேன்" என்று ஒரு நிர்வாகி கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை குத்திக் கொடுத்த தாள்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தன்னிடம் இல்லாத ஓர் உரிமையை ஒருவர் எத்தனை ரூபாய்த் தாளில் எழுதிக் கொடுத்தாலும் அது உங்களுக்கு வந்து சேராது. இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் பொறுப்பைத்தான் குழு அவரிடம் ஒப்படைத்திருக்கிறது. வெளியே ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் அதிகாரத்தை ஒப்படைக்கவில்லை. சனிக்கிழமை இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள், அல்லது மலைப்பாதையில் வண்டி மோதிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழந்தை உங்களுக்கு யார் என்று மருத்துவரோ காவலரோ கேட்கும்போது நீங்கள் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். அந்தத் தாளே உங்களுக்கு எதிரான முதல் சாட்சியாகவும் ஆகிவிடும்.

நன்கொடையைச் சேர்த்துக் கேட்டிருப்பதால் விஷயம் இன்னும் கடுமையாகிறது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் 81ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கத் தக்க குற்றம். வார இறுதிக்கு ஒரு பிள்ளையை அழைத்து வந்து சோறு போடுவதை யாரும் விற்பனை என்று சொல்ல மாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் உத்தரவு இல்லாமல் ஒரு குழந்தை கைமாறியிருக்கிறது, அதே வாரத்தில் பணமும் கைமாறியிருக்கிறது என்றால், உங்கள் நல்ல எண்ணத்தை நீங்கள்தான் காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும். 2021ஆம் ஆண்டில் மதுரையில் ஒரு காப்பகத்திலிருந்த குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் பொய் ஆவணம் காட்டி, அந்தக் குழந்தையைப் பணத்துக்குக் கொடுத்திருந்தது வெளிவந்தபோது, கொடுத்தவர்கள் மட்டும் கைதாகவில்லை, வாங்கியவர்களும் கைதானார்கள்.

வத்தலக்குண்டுக்காரரை இன்றோடு விட்டுவிடுங்கள். வளர்ப்புப் பராமரிப்பில் இடைத்தரகருக்கு வேலையே கிடையாது. விண்ணப்பம் போவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்துக்கு, விசாரிப்பது அதன் அலுவலர்கள், உத்தரவு போடுவது குழு. இதில் எந்த இடத்திலும் நீங்கள் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. "ஆபீசில் ஆள் இருக்கிறது", "ஃபைலை நகர்த்த வேண்டும்" என்று சொல்பவர் உங்கள் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. உங்கள் விண்ணப்பத்தின் மீதே சந்தேகம் விழும்படி செய்துவிட்டுப் போகிறார். இல்லத்துக்கு உதவ வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாக உதவுங்கள், ஆனால் இந்த விண்ணப்பம் முடியும் வரை காசாகக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் பொருளுக்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை நிதானமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கொடைக்கானலில் எதை இல்லம் என்கிறார்கள், எதை ஹாஸ்டல் என்கிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரிவதில்லை. பெற்றோர் தாங்களே கொண்டுவந்து சேர்த்த பள்ளி விடுதிப் பிள்ளையும், அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையும் குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பில் இல்லை. அந்தப் பிள்ளையின் தாயோ தந்தையோ எழுதிக் கொடுத்து, விடுதிக் காப்பாளரும் தன் விதிப்படி ஒப்புக்கொண்டால், உள்ளூர்ப் பாதுகாவலராக நீங்கள் வார இறுதியில் அழைத்துப் போகலாம். குழு உத்தரவு தேவையில்லை. தாயும் தந்தையும் பிரிந்து வாழ்ந்தால், பிள்ளையைச் சேர்த்தபோது கையெழுத்திட்டவர் யாரோ அவரிடம் கடிதம் வாங்குங்கள். பாட்டிதான் வளர்த்தார், பாட்டிதான் சேர்த்தார் என்றால் பாட்டியின் கடிதத்தோடு பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் இந்த விதிவிலக்கின் பின்னால் ஒளிந்துகொள்ளும் இடங்களும் உண்டு. வாசலில் ஹாஸ்டல் என்று பலகை இருக்கும். உள்ளே பாதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் யாரென்றே பதிவேட்டில் இருக்காது. பெயர் எதுவாக இருந்தாலும், பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் இடம் 41ஆம் பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் 42ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். பள்ளி விடுதி என்றாலும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. உரிமம் கேட்டால் காட்டத்தான் வேண்டும். ஆகவே நிர்வாகியிடம் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: இந்தச் சிறுமி குழுவின் உத்தரவில் வந்தாளா, பெற்றோர் கையால் வந்தாளா? பதிவுச் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது? இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் பத்திரத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் தகவல் சொல்ல வேண்டிய இடமாக அது ஆகிவிடுகிறது. மாமல்லபுரம் வட்டாரக் காப்பகங்களில் குழந்தைகள் சீரழிக்கப்பட்ட செய்தியிலிருந்து 2007இல் தொடங்கிய வழக்கில், நாடு முழுவதுமுள்ள இல்லங்களை 2017 முடிவதற்குள் பதிவு செய்து முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதத்தில் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் "விண்ணப்பம் போட்டிருக்கிறோம்" என்று சொல்லும் இல்லத்தை நம்பக் காரணம் எதுவும் இல்லை.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதுகாப்பு அலகுக்கு விண்ணப்பிக்கும்போது அடையாளச் சான்று, திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைத்து, உங்களை நன்கு அறிந்த இருவரின் பெயரையும் கொடுங்கள். விண்ணப்பத்திலேயே மாதம் எத்தனை வார இறுதி, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு அழைத்து வந்து எப்போது திரும்ப விடுவீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு நடக்கும். ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துப் படிவம் 30இல் குடும்ப ஆய்வறிக்கை எழுதுவார். மகன் ஊருக்கு வரும்போது எங்கே தங்குவான், தோட்டத்தில் வேலைக்கு இருப்பவர்கள் வீட்டுக்குள் வந்து போகிறார்களா என்றெல்லாம் கேட்பார், வருத்தப்படாமல் பதில் சொல்லுங்கள். குழந்தையிடமும் குழு கேட்க வேண்டும். அவளுக்கு விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான். எல்லாம் சரியாக இருந்தால் குழு படிவம் 32இல் உத்தரவு போடும், நீங்கள் படிவம் 33இல் உறுதிமொழி கொடுப்பீர்கள். அந்த உத்தரவின் நகல் பிள்ளை உங்களோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் பையில் இருக்கட்டும்.

இதெல்லாம் தாளில் எளிது. நடப்பில், கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் மலையிறங்கிப் போனால், இன்று அமர்வு இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். குழு மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருக்க வேண்டிய குழுவில் இடங்கள் காலியாகக் கிடந்தால் இந்த மலைப்பிள்ளைகளின் கோப்புகளை யார் பார்ப்பது? பக்கத்திலுள்ள கேரளத்தில் கோடை விடுமுறைக்கு இல்லக் குழந்தைகளைக் குடும்பங்களில் தங்க வைக்கும் திட்டத்தை அரசே மாவட்ட அலகுகள் வழியாக அறிவித்துக் குடும்பங்களைத் தேடுகிறது. இங்கேயோ, ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் வீட்டுச் சோறு போட விரும்பும் குடும்பம்தான் கதவு கதவாகத் தட்ட வேண்டியிருக்கிறது. இந்த அலைச்சல்தான் தரகர்களை வளர்க்கிறது என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் உணர வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: போகும் முன் தொலைபேசியில் அமர்வு நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள், விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நியாயமான காலம் கடந்தும் பதில் வராவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். குழுவின் மீதான குறைகளைக் கேட்க வேண்டியவர் சட்டப்படி அவர்தான். குழந்தையோடு தொடர்புடைய யாரும் அவரிடம் மனு கொடுக்கலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோன தம்பியைப் பற்றியும் பேச வேண்டும். உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே குடும்பத்தில் வைக்க முயல வேண்டும் என்று 44ஆம் பிரிவே சொல்கிறது. அக்காள் மட்டும் வெள்ளிக்கிழமை வண்டியேறிப் போவதை அந்தப் பையன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நின்று பார்க்க வேண்டுமா என்று யோசியுங்கள். இருவரையும் அழைத்து வர உங்களால் முடியும் என்றால் முதல் விண்ணப்பத்திலேயே இருவர் பெயரையும் எழுதுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை மறைக்காமல் குழுவிடம் சொல்லுங்கள்.

அவர்களுடைய தாய் இருக்கிறாரா என்றும் அலகில் கேளுங்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உண்டு. வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. அப்படியானால் குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் கொடுத்துப் பிள்ளையைத் தாயிடமே வாழ வைக்கலாம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாத குடும்பங்களுக்கு இது கிடைக்கும். இதைத் தேடிச் சொல்ல வேண்டியது அலுவலர்களின் கடமை. பல இடங்களில் யாரும் தேடுவதில்லை. அந்தத் தாய்க்கு இந்த உதவி கிடைக்க நீங்கள் வழி செய்தால், வார இறுதியில் நீங்கள் கொடுக்க நினைப்பதைவிடப் பெரியதைக் கொடுத்தவர்களாவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. முதல் சில வாரங்கள் அவள் அழலாம், அல்லது திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வரலாம். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நான்கு முறை அழைத்துவிட்டுப் பிறகு காரணம் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் இந்தப் பிள்ளைகளை உடைக்கிறது. ஒரு கல்வியாண்டு முழுக்கத் தொடர முடியுமா என்று இப்போதே கணவரோடு பேசி முடிவெடுங்கள். வரும் நாட்களைக் காலண்டரில் அவள் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள்; போக முடியாத வாரம் முன்கூட்டியே இல்லத்துக்குப் போன் செய்து அவளிடமே பேசுங்கள். அம்மா என்று கூப்பிடச் சொல்லாதீர்கள், அத்தை என்றோ பெரியம்மா என்றோ அவளுக்கு வரும்படி கூப்பிடட்டும். "நல்லாப் படிச்சா இங்கேயே வெச்சுக்கிறோம்" என்று ஆசைக்காகக்கூடச் சொல்லக் கூடாது. விலையுயர்ந்த துணிமணி வாங்கிக் கொடுத்து இல்லத்துக்கு அனுப்பினால் மற்றப் பிள்ளைகளிடம் அவள்தான் படுவாள். அவளுக்கென்று ஒரு பெட்டியும் போர்வையும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அவள் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். இத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம்.

பழகப் பழக, வெளியே யாரிடமும் சொல்லாததை அவள் உங்களிடம் சொல்லலாம்: இல்லத்தில் அடிப்பதை, பட்டினி போடுவதை, யாரோ தொடுவதை. அப்போது நிர்வாகியைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், பிள்ளையையும் துருவித் துருவிக் கேட்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால் தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. எந்தக் கொடுமையானாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம். அதை ஞாயிறு மாலை அவளைத் திரும்ப அழைத்துப் போவதற்கு முன்பே செய்யுங்கள். அங்கே அனுப்பலாமா கூடாதா என்பதைக் குழுவோ அதன் உறுப்பினர் ஒருவரோ அன்றே முடிவு செய்யட்டும்.