கேஸ் இல்லாதவன் கோர்ட்டுக்குப் போகலாமா?

அன்புள்ள அண்ணா,

மருந்து கம்பெனியில் ரெப்பாக இருக்கிறேன். வீடு அல்சூரில். மாதத்தில் பாதி நாள் ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் என்று அலைச்சல்தான். வேலைக்குப் போகிற ஊர்களில் பழைய கோர்ட்டுகளைப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஆசை. கேஸ் இல்லாதவனை உள்ளே விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை வெளியே நின்று பார்த்தால் போதுமா? அடுத்தவர் கஷ்டத்தை வேடிக்கை பார்ப்பது போலவும் இருக்கிறது.

வி.

அன்புள்ள வி.,

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பூட்டிய கோர்ட்டில் சுவர் மட்டும்தான் இருக்கும். மே மாதமும் வேண்டாம், சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை.

நான் எக்ஸ்ரே மெஷின் சர்வீஸுக்குப் போகிறவன். காலையில் நோயாளிகள் கூட்டம் இருக்கும்போது மெஷினைத் தொட விடமாட்டார்கள். பத்தரையிலிருந்து ஒரு மணி வரை சும்மா இருக்கிற நேரம்தான் என்னைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. நீங்களும் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற ஆள்தானே.

தாராளமாக உள்ளே போகலாம். விசாரணை நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம், இடம் கொள்கிற வரை பொதுமக்கள் வரலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 153-பி பிரிவே சொல்கிறது. குடும்ப வழக்கு, பாலியல் வழக்கு போன்றவற்றை மூடிய அறையில் விசாரிப்பதுண்டு. வெளியே போகச் சொன்னால் உடனே எழுந்துவிடுங்கள். போனை அணைத்துவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். கடைசி பெஞ்சு போதும்.

உட்கார்ந்ததும் மேலே பாருங்கள். தேக்கு உத்தரங்களுக்கு மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு பழைய கோர்ட்டில் நீதிபதி மேடைக்குப் பக்கத்துச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, கட்டை விரல் நுழைகிற ஓட்டை ஒன்று பார்த்தேன். வராந்தாவில் உட்கார்ந்து ஒருவர் பங்கா, அதாவது கூரையில் தொங்கும் துணி விசிறி, இழுத்த கயிறு போன வழி அது. வெளிப்பக்கம் கீழ் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை வருஷம் எத்தனை பேர் இழுத்திருப்பார்கள்!

அப்புறம் காதைத் திறந்து வையுங்கள். பலகையில் உரிமையியல் நீதிமன்றம் என்று இருக்கும், ஜனங்கள் முன்சீப் கோர்ட்டு என்பார்கள். வாய்தா, அமீனா, ஜாமீன், ஆஜர், வக்கீல் எல்லாம் நவாபு, கம்பெனி காலத்து அரபி, பாரசீகச் சொற்கள். கோலார் பக்கம் கன்னடத்திலும் கொஞ்சம் உச்சரிப்பு மாறி இவையேதான்.

நம் பெங்களூர் அட்டாரா கச்சேரியை மறந்துவிடாதீர்கள். பதினெட்டு இலாகாக்களுக்காக 1868இல் கட்டி முடித்தது, இன்று உயர்நீதிமன்றம். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1980களில் இடிக்கப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் போராடியதால்தான் நிற்கிறது. சின்ன ஊர்க் கோர்ட்டுகளுக்காக அப்படிப் போராட ஆள் இல்லை. பைபாஸ் பக்கம் புது வளாகம் வந்ததும் பழையதைப் பூட்டிவிடுகிறார்கள், மழை உள்ளே இறங்குகிறது. எனக்கு அது தாங்கவில்லை. அதனால்தான் இப்போதே போங்கள் என்கிறேன்.

வேடிக்கை பார்ப்பது போல இருக்கிறது என்றீர்கள். முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று, 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டு (அந்தக் காலத்து மேல்முறையீட்டுக் கோர்ட்டு) தீர்ப்புகளை 1862இலேயே தமிழில் கொண்டுவந்தார். இன்றும் கோர்ட்டுக்கு வருகிற பாதிப் பேருக்கு நடப்பது புரிவதில்லை. ஒரு நாள் பாகப்பிரிவினை கேஸுக்கு வந்த வயதான அம்மா ஒருவர், கூப்பிட்டு முடித்து அடுத்த கேஸ் வந்த பிறகும் கூண்டுப் பக்கமே நின்றார். குமாஸ்தா ஒரு சீட்டில் ஏதோ எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா நேராக என்னிடம் வந்து நீட்டினார். “அடுத்த மாசம் பதினாலாம் தேதி வரணும்மா, இன்னைக்கு அவ்வளவுதான்” என்றேன். சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.