வேளாண் திட்டங்களில் உழவரின் பங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேளாண் திட்டங்களில் உழவர்களின் பங்கேற்பு குறித்துத் திட்டப் பணியாளர்களும் உழவர்களும் அனுப்பிய கேள்விகளில், அடிக்கடி எழுகின்றவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் திட்டத்தின் கூட்டங்களுக்கும் பயிற்சிகளுக்கும் உழவர்கள் திரளாக வந்தார்கள். வருகைப் பதிவேடுகள் நிரம்பியிருக்கின்றன. ஆனால் அடுத்த பருவத்தில் நாங்கள் சொன்ன முறையைப் பின்பற்றியவர்கள் மிகக் குறைவு. எங்கே தவறியது?

பதில்: வருகைப் பதிவேடு வருகையை மட்டுமே காட்டும். எந்தப் பயிருக்கு, எந்தச் சிக்கலுக்கு, எந்த முறையைக் கொண்டு வருவது என்பதையெல்லாம் முடிவு செய்த பிறகு உழவர்களை அழைத்திருந்தால், அவர்களிடம் நீங்கள் கேட்டது சம்மதத்தை மட்டும்தான். வேளாண் ஆய்வாளர் ஜூல்ஸ் பிரிட்டி 1995-இல் பங்கேற்பை ஏழு வகைகளாகப் பிரித்துக் காட்டினார். பெயருக்கு ஓரிரு பிரதிநிதிகளை அமர்த்துவது ஒரு கடைசியில் இருக்கிறது. சொல்வதைக் கேட்டுக்கொள்வது, கருத்துக் கேட்கப்படுவது, கூலிக்கோ இடுபொருளுக்கோ உழைப்பைத் தருவது ஆகியவை இடையில் வருகின்றன. உழவர்கள் தாங்களே கூடி, தங்கள் முன்முயற்சியில் வெளி உதவியைத் தேடிக்கொள்வது மறு கடைசி. பெரும்பாலான திட்டங்கள் நடுவிலேயே நின்றுவிடுகின்றன என்பது என் கணிப்பு.

உங்கள் திட்டம் எங்கே நிற்கிறது என்று அறிய ஒரு கேள்வி போதும்: உழவர்கள் சொன்னதால் திட்டத்தில் மாறியது எது? பயிர், பருவம், இடம், செலவுத் தலைப்பு என ஏதேனும் ஒன்றையாவது சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால், அடுத்த பருவத்தில் அவர்கள் விலகி நின்றதில் வியப்பில்லை.

கேள்வி: உழவர் வயல்வெளிப் பள்ளிக்கும் வழக்கமான பயிற்சி முகாமுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? பெயர்தான் புதிதா?

பதில்: முறையாக நடத்தப்பட்டால் வேறுபாடு பெரிது. வயல்வெளிப் பள்ளி தோன்றிய சூழலைப் பார்த்தாலே விளங்கும். இந்தோனேசியாவில் நெல் உற்பத்தியைப் பெருக்கும் இயக்கத்தின்போது பூச்சிக்கொல்லிகளுக்கு அரசு மானியம் தாராளமாக வழங்கப்பட்டது. தெளிக்கத் தெளிக்க, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்னும் பூச்சியின் இயற்கை எதிரிகளான சிலந்திகளும் பிற இரைவிழுங்கிகளும் மடிந்தன, புகையான் பெருகியது. 1986-இல் நெல்லுக்குப் பயன்படுத்தப்பட்டு வந்த 57 பூச்சிக்கொல்லிகளுக்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது. ஆனால் தடையாணையால் மட்டும் ஒரு வயலைக் காப்பாற்ற முடியாது. தெளிப்பதா வேண்டாமா என்று வரப்பில் நின்று முடிவு செய்யும் ஆற்றல் உழவருக்கு வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு 1989-இல் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின.

இருபத்தைந்து பேர் அளவில் ஒரு குழு, வாரம் ஒருநாள் காலையில், நடவு முதல் அறுவடை வரை ஒரே வயலில் கூடுகிறது. ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலுக்குள் இறங்கி, குறுக்கே நடந்து, ஆங்காங்கே உள்ள குத்துகளைப் பார்க்கிறார்கள்; தூர்களை எண்ணுகிறார்கள்; இலைகளை விரித்துப் பூச்சிகளையும் அவற்றைத் தின்பவற்றையும் தனித்தனியே குறித்துக்கொள்கிறார்கள்; நீர்மட்டத்தையும் வானிலையையும் எழுதுகிறார்கள். பிறகு நிழலில் அமர்ந்து ஒரு பெரிய தாளின் நடுவில் நெற்பயிரை வரைகிறார்கள். ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சிகள். படத்தைச் சுவரில் மாட்டியதும் விவாதம் தொடங்குகிறது: இந்த வாரம் தெளிக்க வேண்டுமா? ஒரு குழுவின் முடிவை இன்னொரு குழு மறுக்கும். பயிற்றுநர் விடையைச் சொல்வதில்லை. எண்ணிக்கையைத் திரும்பப் பார்க்கச் சொல்வார்.

இன்னொரு பயிற்சியில், வளர்ச்சிப் பருவத்தில் ஒரு சிறு பாத்தியின் இலைகளில் ஒரு பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, அறுவடையில் மற்றப் பாத்திகளோடு ஒப்பிடுகிறார்கள். இலைச்சுருட்டுப் புழு அரித்ததைக் கண்டவுடன் மருந்தைத் தேடி ஓடிய ஒருவருக்கு, இளம்பயிர் அந்த இழப்பை ஈடுசெய்துகொள்ளும் என்பதை எந்தச் சொற்பொழிவையும் விட அந்தப் பாத்தி நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது. இன்று 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் இம்முறை பரவியிருக்கிறது.

குறையும் உண்டு. ஒரு பருவம் முழுவதும் நடத்த வேண்டியிருப்பதால் தலைக்கு ஆகும் செலவு அதிகம். கற்றவர் அடுத்த வயல்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிதாக நடப்பதில்லை. ஆகவே உற்று நோக்கி முடிவெடுக்க வேண்டியவற்றுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். தடுப்பூசி முகாமின் தேதியைத் தெரிவிக்க வானொலியும் குறுஞ்செய்தியும் போதும்.

கேள்வி: நான் புதிய பயிர் ரகங்களை உருவாக்கும் ஆய்வாளர். ரகத் தேர்வு என்பது தொழில்நுட்பப் பணி. அதில் உழவர் கூடுதலாக எதைத் தர முடியும்?

பதில்: உங்கள் ஆய்வுத் திடலில் அளக்கப்படாத பண்புகளை. சிரியாவின் வறண்ட பகுதிகளில் பார்லி பயிரிட்ட உழவர்களோடு பார்லி ரக ஆய்வாளர் சல்வத்தோரே செக்கரெல்லியும் சர்வதேச வறண்ட நில ஆய்வு மையத்தினரும் சேர்ந்து பணியாற்றியபோது இது தெளிவாகத் தெரிந்தது. தானிய விளைச்சலை மட்டும் நோக்கி, நீரும் உரமும் குறைவின்றிக் கிடைக்கும் திடலில் குட்டை ரகங்களைத் தேர்ந்தெடுத்தால், மழை பொய்த்த ஆண்டில் பயிர் அறுக்கக்கூட முடியாத அளவுக்குக் குட்டையாக நின்றுவிடும். அங்குள்ள உழவருக்கு வைக்கோலும் விளைச்சலே. அது மென்மையாக இருந்தால்தான் ஆடுகள் விரும்பித் தின்னும்.

ருவாண்டாவில் 1980-களின் இறுதியில், பீன்ஸ் பயிரை நன்கு அறிந்த பெண் உழவர்களை ஆய்வு நிலையத்துக்கே அழைத்து, இன்னும் ரகமாக வெளியிடப்படாமல் சோதனையில் இருந்த பயிர் வரிசைகளிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தவை, அவர்களுடைய நிலங்களில் ஆய்வாளர்களின் தேர்வுகளைவிட நன்றாகவே விளைந்தன. நேபாளத்தின் உயர்மலைப் பகுதிகளுக்கான மச்சபுச்சரே-3 என்னும் நெல் ரகமும் உழவர்கள் தங்கள் வயல்களில் தேர்ந்தெடுத்து உருவாகி, 1996-இல் முறைப்படி வெளியிடப்பட்டது.

நோய் எதிர்ப்புத்திறனின் மரபியலை உழவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. அது உங்கள் பணி. ஆனால் தேர்வின் கடைசிக் கட்டத்தில் இரண்டு மூன்று ரகங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்பதை மட்டும் பங்கேற்பு என்று அழைக்காதீர்கள். வேண்டாதவை எவை என்று சொல்லும் வாய்ப்பை, வரிசைகள் பலவாக இருக்கும் தொடக்கத்திலேயே கொடுங்கள்.

கேள்வி: பாசனக் கால்வாய்ச் சீரமைப்புத் திட்டத்தில் உழவர் சங்கங்களை அமைக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. கட்டுமானம் முடிந்ததும் சங்கங்களைப் பதிவு செய்வதாகத் திட்டம். இது சரியா?

பதில்: வரிசை தலைகீழாக இருக்கிறது. பிலிப்பீன்ஸின் தேசியப் பாசன நிர்வாகம் 1976-இல் லௌர் என்னும் இடத்தில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில், கட்டுமானத்துக்கு முன்பே அமைப்பாளர்கள் உழவர்களிடையே பணியாற்றத் தொடங்கினார்கள். அங்கே பல இடறல்களும் தாமதங்களும் நேர்ந்தன. அவற்றிலிருந்து கற்றுத்தான் அந்த நிர்வாகம் தன் நடைமுறைகளையே மாற்றிக்கொண்டது. பொறியாளர் வரைந்த கால்வாய்த் தடத்தை உழவர்கள் அவரோடு நடந்து பார்க்கும்போது, எந்த மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது, எந்த மதகு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும் என்பதெல்லாம் வரைபடத்திலேயே திருத்தப்பட்டுவிடும். கான்கிரீட் போட்ட பிறகு வரும் சங்கத்துக்குப் பிறர் செய்த பிழைகளைப் பராமரிக்கும் வேலைதான் மிஞ்சும்.

இலங்கையின் கல்லோயா இடதுகரைப் பாசனப் பகுதி இன்னொரு பாடம் தருகிறது. நீர்ப் பங்கீட்டுச் சண்டைக்குப் பெயர்போன அந்தப் பகுதியில், 1981-இல் இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக அனுப்பப்பட்டார்கள். அவர்கள் எடுத்த எடுப்பில் சங்கத்தையும் நிர்வாகிகளையும் உருவாக்கவில்லை. வீடு வீடாகச் சென்று, ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்திருபது குடும்பங்களிடம் அவர்களுடைய சிக்கல்களைக் கேட்டறிந்து, அவர்களாலேயே உடனே தீர்க்கக்கூடிய ஒன்றை முதலில் செய்ய வைத்தார்கள். வாய்க்கால் தூர்வாரப்பட்டது, முறைவைத்து நீர் பாய்ச்சப்பட்டது, மிச்சப்பட்ட நீர் கடைமடைக்குப் போயிற்று. தலைமடையில் சிங்கள உழவர்களும் கடைமடையில் தமிழ் உழவர்களுமாக இருந்த இடங்களிலும் இது நடந்தது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். வேலை பழகிய பிறகே அமைப்பு முறைப்படுத்தப்பட்டது. உங்களிடம் பதிவுக் காலக்கெடு இருக்குமானால், அதைத் தள்ளிவைக்க மேலிடத்தில் வாதாடுங்கள். வாதாடத் தகுந்த விஷயம் இது.

கேள்வி: கூட்டங்களில் பெரிய நிலக்காரர்கள் மட்டுமே பேசுகிறார்கள். பெண்களும் குத்தகைதாரர்களும் வந்தாலும் வாய் திறப்பதில்லை.

பதில்: முதலில் உறுப்பினர் தகுதியைப் பாருங்கள். நிலப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே உறுப்பினர் என்று விதி இருந்தால், நாற்று நடுபவரும் களை எடுப்பவரும் குத்தகைக்கு உழுபவரும் அந்த ஒரு வரியிலேயே வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். பயிரிடுபவர், நீரைப் பயன்படுத்துபவர் என்று அந்த வரியை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

அடுத்தது நேரமும் இடமும். சமையல், பால் கறவை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகியவற்றுக்கு நடுவில் கூட்டத்தை வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று எழுதுவது நியாயமல்ல. முதலில் தனித்தனிக் குழுக்களாகப் பேசவிட்டு, அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் குழுவின் கருத்தாகப் பொதுக்கூட்டத்தில் வைக்கட்டும்; தனிக்கருத்தாகச் சொல்லும்போது இருக்கும் அச்சம் அப்போது குறையும். சிக்கல்களை வரிசைப்படுத்த விதைகளையோ கூழாங்கற்களையோ கொடுத்து, படங்களின் மேல் வைக்கச் சொல்வது பழைய உத்திதான். எழுதப் படிக்கத் தெரியாதவரின் கல்லும் பெரிய நிலக்காரரின் கல்லும் எண்ணும்போது ஒன்றே. ஆனால் குத்தகை பறிபோகும் என்று அஞ்சுபவரை எல்லார் முன்னிலையிலும் பேசும்படி வற்புறுத்தாதீர்கள். கூட்டம் முடிந்து நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அவர் அங்கேயே வாழ வேண்டியவர்.

கேள்வி: கூட்டத்துக்கு வரும் உழவர்களுக்குப் பணம் தரலாமா?

பதில்: இழந்த கூலியையும் பயணச் செலவையும் ஈடு செய்வது நியாயம், நாள் கூலியில் வாழ்பவருக்கு அது இல்லாமல் வரவே முடியாது. ஆனால் வருகைக்கே பரிசு என்றால், பணம் நின்ற நாளில் கூட்டமும் நின்றுவிடும். திட்டப் பணியாளர்கள் அனைவரும் ஊதியம் பெறும்போது, உழவர் மட்டும் தன் நேரத்தை இலவசமாகத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் எனக்கு ஏற்புடையதல்ல.

கேள்வி: என் நிலத்தில் புதிய முறையைச் சோதிக்க ஒரு திட்டத்தினர் கேட்கிறார்கள். விளைச்சல் பொய்த்தால் இழப்பு யாருக்கு?

பதில்: இதை விதைப்புக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களுக்கு நிலத்தைத் தராதீர்கள். கொலம்பியாவின் கௌகா பகுதியில் 1990-இல் தொடங்கிய உள்ளூர் வேளாண் ஆய்வுக் குழுக்களின் நடைமுறை உங்களுக்குப் பயன்படும். ஊர் கூடி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறது. எதைச் சோதிப்பது என்பதையும் ஊரே முடிவு செய்கிறது. சோதனை முதலில் மிகச் சிறிய பாத்திகளில் நடக்கிறது. தேறியவை மட்டுமே அடுத்த பருவத்தில் பெரிய பரப்புக்குப் போகின்றன. சோதனைச் செலவுக்கும் இழப்புக்கும் குழுவிடம் ஒரு சிறு பொது நிதி உண்டு. முடிவு நல்லதோ கெட்டதோ, அதை ஊராரிடம் அறிவிப்பது குழுவின் கடமை.

உங்கள் நிலையிலும் சிறு பரப்பில், உங்கள் வழக்கமான முறையை அருகிலேயே வைத்துத்தான் சோதிக்க வேண்டும். பக்கத்தில் ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால், விளைந்ததற்கும் விளையாததற்கும் காரணம் மழையா முறையா என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: திட்டங்களில் கலந்துகொள்ள உழவருக்கு உரிமை என்று ஏதேனும் உண்டா, அல்லது எல்லாம் அலுவலரின் விருப்பம்தானா?

பதில்: உண்டு. ஐ.நா. பொதுச்சபை 2018 டிசம்பரில் ஏற்ற உழவர் மற்றும் ஊரகத் தொழிலாளர் உரிமைகள் குறித்த பிரகடனத்தின் 10-ஆம் பிரிவு, தங்கள் வாழ்வையும் நிலத்தையும் பிழைப்பையும் பாதிக்கக்கூடிய கொள்கைகளையும் திட்டங்களையும் தயாரிப்பதிலும் நிறைவேற்றுவதிலும் நேரடியாகவோ தங்கள் அமைப்புகள் வழியாகவோ பங்கேற்கும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. தயாரிப்பதிலும் என்ற சொல்லைக் கவனியுங்கள். பிரகடனம் சட்டமாகக் கட்டுப்படுத்தாது என்றாலும் மேற்கோள் காட்டப் பயன்படும். 2001-இல் ஏற்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த, விதைகள் உள்ளிட்ட பயிர் மரபு வளங்கள் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவும், அவ்வளங்களைப் பாதுகாப்பது, பயன்படுத்துவது பற்றிய தேசிய முடிவுகளில் உழவர் பங்கேற்கும் உரிமையைக் குறிப்பிடுகிறது. அதில் சேர்ந்த நாடுகளுக்கு இதில் பொறுப்பு உண்டு.

கேள்வி: கைபேசிச் செயலி மூலம் கருத்துக் கேட்டால் போதாதா?

பதில்: துணைக்கு வைத்துக்கொள்ளலாம். கைபேசி வீட்டில் ஒருவரிடமே இருந்தால் அந்த ஒருவரின் கருத்துதான் உங்களுக்கு வந்து சேரும். கேட்டதற்கு என்ன நடந்தது என்று திருப்பிச் சொல்லாவிட்டால் இரண்டாம் முறை அதுவும் வராது.

கேள்வி: திட்டக் காலம் முடிந்ததும் எல்லாம் கலைந்துபோகிறது. இதைத் தடுக்க முடியுமா?

பதில்: திட்டம் விட்டுச்செல்வதை உழவர் தம் கையால் மாற்றிக்கொள்ள இடம் இருந்தால், அது நிலைக்கும். பெருவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தினர், விதைக் கிழங்கை இருட்டில் குவிக்காமல் பரவிய வெளிச்சத்தில் வைத்தால் முளை குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும் என்பதைக் கொண்டு ஒரு சேமிப்புக் கிடங்கை வடிவமைத்தார்கள். உழவர்கள் அந்தக் கிடங்கை அப்படியே கட்டவில்லை. தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டுத் திண்ணையிலும் கூரையடியிலும் தங்களுக்கு ஏற்ற பலகைத் தட்டுகளை அமைத்துக்கொண்டார்கள். மாதிரியைப் பின்பற்றியவர்களை மட்டும் எண்ணும் மதிப்பீட்டில் இது தோல்வியாகப் பதிவாகியிருக்கும். அங்கிருந்த ஆய்வாளர்கள் இதையே வெற்றியாகக் கண்டார்கள்.

எனவே இறுதி ஆண்டுக்காகக் காத்திராமல், இரண்டாம் பருவத்திலிருந்தே கணக்குப் புத்தகம், விதை இருப்பு, கூட்டம் அழைக்கும் பொறுப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குழுவிடம் ஒப்படையுங்கள். அவர்கள் தடுமாறும்போது அருகில் நீங்கள் இருக்கும் காலத்திலேயே அந்தத் தடுமாற்றம் நிகழட்டும்.