எக்செலில் ஏன் ஒரு வரி விட்டு ஒரு வரி காலி?

கேள்வி: விண்டோஸ் லேப்டாப்பில் பைத்தான் பழகுகிறேன். எங்கள் கடை ரசீதுகளை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட்) ஃபைலாக எழுதினேன். எக்செலில் திறந்தால் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு காலி வரி. அதே புரோகிராம் நண்பனின் லினக்ஸில் ஒழுங்காக ஓடுகிறது. என்ன தவறு செய்தேன்?
- ஈரோடு வாசகர்

பதில்: ஃபைலை ஓப்பன் செய்யும்போது நியூலைன் என்ற பாராமீட்டருக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுங்கள், சரியாகிவிடும். சிஎஸ்வி மாட்யூலின் கையேட்டிலேயே இது இருக்கிறது. யார் படிக்கிறோம்!

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவன். வரி முடியப்போகும்போது மணி அடிக்கும். இடப்பக்க லீவரைத் தள்ளுவோம். ஒரே தள்ளில் ரோலர் ஒரு வரி சுற்றும், கேரியேஜ் வரியின் தொடக்கத்துக்கு வந்துவிடும். தொலைவிலிருந்து வரும் செய்தியை அச்சிடும் டெலிபிரின்டரில் இந்த இரண்டும் தனித்தனிக் கட்டளை. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி பட்டியலில், வரித் தொடக்கத்துக்குத் திரும்பும் கேரியேஜ் ரிட்டர்ன் 13, அடுத்த வரிக்கு நகரும் லைன் ஃபீட் 10. ஃபைலில் வரி முடிவைக் குறிக்க டாஸும் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. யூனிக்ஸுக்கு 10 போதும். பழைய மேக்குக்கு 13 மட்டும்.

சரி, உங்கள் ஃபைலுக்கு வருவோம். பைத்தானின் சிஎஸ்வி ரைட்டர், எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும், வரி முடிவில் 13, 10 என்று தானே எழுதும். விண்டோஸில் டெக்ஸ்ட் மோடு (ஃபைலை எழுத்தாகக் கையாளும் முறை) அந்த 10-ஐப் பார்த்ததும் 'இவனுக்கு முன்னால் 13 வேண்டுமே' என்று இன்னொன்றைச் சேர்க்கும். ஆக 13, 13, 10. எக்செல் அதை இரண்டு வரி முடிவாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் இந்த உபகாரம் கிடையாது.

ஜாவாவில் நான் பட்டது வேறு மாதிரி. விண்டோஸில் தயாரான ஊர்ப் பட்டியலை முழு ஸ்ட்ரிங்காகப் படித்து, லைன் ஃபீடை வைத்து வரி வரியாக ஸ்ப்ளிட் செய்தேன். 'சேலம்' என்று தேடினால் கிடைக்கவில்லை. திரையிலோ சேலம் இருக்கிறது! நீளம் கேட்டேன்: 6. ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என 5 தானே வர வேண்டும்? ஒரு மாலை முழுக்க, தமிழ் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடைத் திட்டினேன். அப்புறம் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக அச்சிட்டால், கடைசியில் ஒரு 13 உட்கார்ந்திருக்கிறது. வரி வரியாகப் படிக்கும் ரீட்லைன் போட்டிருந்தால் மூன்று வகை முடிவையும் அதுவே கழற்றியிருக்கும்.

திருத்துவதற்கு முன் உங்கள் ஃபைலை நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து, எல்லா எழுத்துகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரு வரியில் சி.ஆர். (கேரியேஜ் ரிட்டர்ன்), அடுத்த காலி வரியில் சி.ஆர்., எல்.எஃப். (லைன் ஃபீட்) என்று கறுப்புக் கட்டங்கள் தெரியும்.