கஞ்சமலையும் மிடில்ஸ்பரோவும்

கேள்வி: எங்கள் சேலம் பகுதிக் கஞ்சமலையில் தரமான இரும்புத் தாது இருந்தும், 19ஆம் நூற்றாண்டில் ஆலை நகரம் எழவில்லை. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவை வளர்த்த போல்க்கோ என்பவர் யார்?
- வாசகர், சங்ககிரி

பதில்: ஹென்றி போல்க்கோ பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். 1806இல் ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் பிறந்து, 1827இல் நியூகாசிலுக்கு வந்து, தானிய வணிகத்தில் பொருள் ஈட்டியவர். இரும்புத் தொழிலின் நுணுக்கம் அறிந்த ஜான் வாகனோடு கூட்டுச் சேர்ந்து 1841இல் மிடில்ஸ்பரோவில் ஆலை தொடங்கினார். முதல் போடுபவரும் தொழில் தெரிந்தவரும் இணைவதன் பலத்தைக் கோவைப் பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொடக்க ஆண்டுகள் கடினமானவை. 1846இல் தொலைவிலிருந்த விட்டன் பார்க் என்ற ஊரில் ஊதுலைகள் அமைத்து, அங்கே உருக்கிய கச்சா இரும்பை ரயிலில் மிடில்ஸ்பரோவுக்குக் கொண்டுவந்து, கம்பியும் தகடுமாக்கினர்; சுமைக்கூலியே லாபத்தைத் தின்றது. 1850இல் அருகிலுள்ள எஸ்டன் குன்றுகளில் தடித்த தாதுப் படுகை கண்டறியப்பட்டதும் நிலைமை தலைகீழானது. டர்ஹாம் நிலக்கரியும் பக்கத்திலேயே கிடைத்தது. 1801இல் 25 பேர் மட்டுமே வாழ்ந்த மிடில்ஸ்பரோவின் மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 40,000 ஆயிற்று.

போல்க்கோ 1853இல் அந்நகரின் முதல் மேயராகவும், 1868இல் அதன் முதல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். 1878இல் மறையும் வரை அப்பதவியில் இருந்தார். தொழிலாளர் நிறைந்த, புகை மண்டிய ஊருக்கு 1868இல் அவர் அளித்த ஆல்பர்ட் பூங்காவையே அப்பதவிகளினும் மேலாக நான் மதிக்கிறேன்.

கஞ்சமலையைப் பொறுத்தவரை, தாது குறையன்று, எரிபொருளே குறை. கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னாள் அலுவலரான ஜோசையா ஹீத் அந்நூற்றாண்டில் சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டை வரை கொண்டுசென்று மரக்கரியால் உருக்க நேர்ந்தது.