'அவுட்கம்' என்ற ஆங்கிலச் சொல்லை வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது? 'ரிசல்ட்' என்று எழுதினால் தவறா?

நீங்கள் ஏதோ ஒரு அறிக்கையில் 'ரிசல்ட்' என்று எழுதியிருப்பீர்கள். மேலே இருப்பவர் அதை அடித்துவிட்டு 'அவுட்கம்' என்று மாற்றிக் கொடுத்திருப்பார், ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார். கேள்வியைப் படித்ததும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. அகராதியைத் திறந்தாலும் உதவி கிடைக்காது. அவுட்கம், ரிசல்ட், கான்சிக்வென்ஸ், எஃபெக்ட் நான்குக்கும் 'விளைவு' என்றே போட்டிருக்கும். அந்த ஒரே சொல்லை நம்பி நான் ஒருமுறை எழுதிய வரி இன்னும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாக இருக்கப்போகிறது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விஷயம் எப்படி முடிகிறது என்பது அவுட்கம். இன்னும் முடியாத நிலையிலும், இப்படியும் முடியலாம் அப்படியும் முடியலாம் என்று யோசிக்கும்போதும் அந்தச் சொல் பொருந்தும். ரிசல்ட் பெரும்பாலும் பின்னால் திரும்பிப் பார்க்கிற சொல். இன்னது செய்தோம், அதனால் இது வந்தது என்று காரணத்தோடு சேர்ந்தே வரும். கான்சிக்வென்ஸ் என்றால் யாரோ ஒருவர் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது. தமிழில் "விளைவுகளைச் சந்திக்க நேரிடும்" என்று ஒருவர் சொன்னால் அதில் ஒரு மிரட்டல் இருக்கிறது அல்லவா, அந்த விளைவு கான்சிக்வென்ஸ்தான்.

இனி என் கதை. நான் பல வருடங்களாக மருத்துவ ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். அதில் பெரும்பகுதி ஒப்புதல் படிவங்கள். ஒரு புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும்போது, சேர வருகிறவர் தனக்குத் தெரிந்த மொழியில் எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள்தான் ஒப்புதல் படிவம். மாரடைப்பு வந்தவர்களுக்கான ஒரு மருந்து ஆய்வின் படிவம் என்னிடம் வந்தது. 14 பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "தி பிரைமரி அவுட்கம் ஆஃப் திஸ் ஸ்டடி இஸ் டெத் ஃப்ரம் எனி காஸ் விதின் 30 டேஸ்."

நான் எழுதியது: "இந்த ஆய்வின் முதன்மை விளைவு, 30 நாட்களுக்குள் எந்தக் காரணத்தாலும் ஏற்படும் மரணம்."

ஒரு நோயாளியின் இடத்தில் இருந்து இதை ஒருமுறை படித்துப் பாருங்கள். நெஞ்சு வலியோடு வந்து கட்டிலில் படுத்திருக்கிறார். பக்கத்தில் மகளோ மனைவியோ நின்று வாசித்துக் காட்டுகிறார்கள். இந்த ஆய்வில் சேர்ந்தால் முக்கியமாக நடக்கப்போவது சாவுதான், அதுவும் ஒரு மாதத்துக்குள் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

"இதை யாரும் சரிபார்க்கவில்லையா?" என்று கேட்பீர்கள். சரிபார்த்தார்கள். இந்தத் துறையில் பேக் டிரான்ஸ்லேஷன் என்று ஒரு வழக்கம் உண்டு. என் தமிழை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். அப்புறம் இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அவரும் அனுபவம் உள்ளவர்தான். 'முதன்மை விளைவு' என்று பார்த்ததும் மருத்துவ ஆய்வுகளில் வழக்கமாக வரும் 'பிரைமரி அவுட்கம்' என்று எழுதிவிட்டார். இரண்டு ஆங்கிலமும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. தப்பு நடுவில் இருந்த தமிழில் இருந்தது. அந்தத் தமிழைத் தமிழாக மட்டும் படித்தவர்கள் அதுவரை யாருமே இல்லை.

கண்டுபிடித்தவர் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது ஆய்வில் சேர்கிறவர்களின் நலனைப் பார்த்து அனுமதி தரும் குழுவில், இருந்த ஒருவர். மருத்துவ ஆய்வுகளுக்கான சர்வதேச நெறிமுறைகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது மருத்துவ அறிவியல் துறை சாராதவராக இருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தவர் அந்த வரியின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "சாவுதான் விளைவு என்றால் இதில் யார் சேருவார்கள்?" அந்தத் தாளின் ஸ்கேன் எனக்கு வந்தபோது உண்மையாகவே கை நடுங்கியது. எனக்கு வேலை தரும் மொழிபெயர்ப்பு ஏஜென்சியிலிருந்து அழைத்தவர், "மேடம், டிக்‌ஷனரியில இதுதானே இருக்கு, அப்படியே விட்டுடலாமா?" என்று கேட்டார். விடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஆய்வின் புரோட்டோகாலை, அதாவது ஆய்வை எப்படி நடத்தப்போகிறார்கள் என்ற முழுத் திட்டத்தை, அனுப்பச் சொன்னேன். அதுவரை அதை எனக்குக் காட்டியதே இல்லை.

அதைப் படித்தபோதுதான் 'அவுட்கம்' எனக்கு முழுதாகப் புரிந்தது. மருத்துவ ஆய்வில் அவுட்கம் என்பது மருந்து செய்யப்போகிற வேலையைக் குறிக்கவில்லை. சேர்ந்தவர்களுக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று பார்க்கும்போது எதைப் பார்க்கப்போகிறோம் என்பதைக் குறிக்கிறது. மருந்து கொடுத்த பிரிவில் எத்தனை பேர் இறந்தார்கள், கொடுக்காத பிரிவில் எத்தனை பேர் என்று எண்ணி ஒப்பிடுவார்கள். அந்த எண்ணிக்கை குறையும் என்ற நம்பிக்கையில்தான் ஆய்வே நடக்கிறது. நான் அதைத் தலைகீழாக எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் புரிந்தது, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே அவுட்கம் எது என்று எழுதி வைத்துவிட வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2004-இல் ஒரு நிபந்தனை விதித்தது. 2005 ஜூலைக்குப் பிறகு தொடங்கும் ஆய்வுகளை, ஆட்களைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்திருந்தால்தான் தங்கள் இதழ்களில் வெளியிடுவோம் என்றார்கள். அந்தப் பதிவில் பிரைமரி அவுட்கம் எது என்று சொல்லியாக வேண்டும். ஆய்வு முடிந்தபிறகு தங்களுக்குச் சாதகமாக வந்த வேறொன்றைக் காட்டி, "நாங்கள் முதலிலிருந்தே இதைத்தான் பார்த்தோம்" என்று சொல்லிவிடலாம் அல்லவா? அந்தத் தில்லுமுல்லுக்கு 'அவுட்கம் ஸ்விட்சிங்' என்றே பெயர் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் பாருங்கள். எதை அவுட்கமாக வைத்தோம் என்பது 'மெத்தட்ஸ்' பகுதியில் இருக்கும், கிடைத்த எண்கள் 'ரிசல்ட்ஸ்' பகுதியில் இருக்கும். ஒரே கட்டுரையில் இரண்டு சொல்லும் இரண்டு வீட்டில் குடியிருக்கின்றன. அவுட்கம் முதல் நாளே தெரியும், ரிசல்ட் கடைசியில்தான் வரும்.

கடைசியில் நான் மாற்றி எழுதிய வரி: "இந்த ஆய்வில் நாங்கள் முக்கியமாகக் கவனிக்கப்போவது, சேர்ந்த 30 நாட்களுக்குள் உயிரிழப்பவர்களின் எண்ணிக்கை ஒரு பிரிவை விட இன்னொரு பிரிவில் குறைவாக இருக்கிறதா என்பதை." ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பார்த்தால் இது மொழிபெயர்ப்பே இல்லை என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும். படிக்கிறவருக்குச் சரியான செய்தி போய்ச் சேர்ந்தது.

இதே வேறுபாடு மற்ற இடங்களிலும் வருகிறது. ஒரு பாடத்திட்டத்தில் 'லேர்னிங் அவுட்கம்' என்று இருக்கும். அந்தப் பாடம் முடிந்ததும் மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்று தொடங்கும் முன்பே எழுதுவது அது. தேர்வு எழுதி வாங்கும் மதிப்பெண் ரிசல்ட். நிகழ்தகவுக் கணக்கில் ஒரு பகடையை உருட்டுவதற்கு முன்பே அதற்கு 6 அவுட்கம் இருக்கின்றன, இரண்டு பகடைக்கு 36. கூட்டுத்தொகை 7 வருவது அந்த 36-இல் 6 அவுட்கம்களைச் சேர்த்த ஒரு 'ஈவென்ட்'. இங்கே ரிசல்ட் என்று பொதுவாகச் சொல்வதில்லை, ஏனென்றால் பகடை இன்னும் கையில்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை இதற்கு நேர்மாறு: 'டெஸ்ட் ரிசல்ட்' மட்டும்தான். 'பாசிட்டிவ் ரிசல்ட்' என்றால் தேடியது இருக்கிறது என்று பொருள், அது பல சமயம் கெட்ட செய்தி. 'பாசிட்டிவ் அவுட்கம்' என்றால் நல்லபடியாக முடிந்தது. இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் படிக்கிறவர் பயந்துவிடுவார் அல்லது ஏமாந்துவிடுவார்.

திட்ட அறிக்கை எழுதுகிறவராக இருந்தால் 'அவுட்புட்'டோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 40 பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பது அவுட்புட். அந்த 40 பேரில் எத்தனை பேர் பிறகு அந்த வேலையைத் தானாகச் செய்கிறார்கள் என்பது அவுட்கம். உங்கள் மேலதிகாரி அடித்து மாற்றியது இந்த இடத்தில் என்றால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

வாக்கியத்தில் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். கூடவே 'ஆஃப்' வரும்: "தி அவுட்கம் ஆஃப் தி மீட்டிங்". எண்ணக்கூடிய சொல், அதனால் 'அன் அவுட்கம்', 'டூ அவுட்கம்ஸ்' எல்லாம் சரி. ரிசல்டை வினைச்சொல்லாகவும் போடலாம், 'ரிசல்டட் இன்', 'ரிசல்ட் ஃப்ரம்' என்று. அவுட்கமுக்கு அந்த வசதி கிடையாது. 'ஆஸ் அ ரிசல்ட்' என்ற இடத்தில் 'ஆஸ் அன் அவுட்கம்' என்று போட்டால் காதுக்கு உறுத்தும். 'வாட்எவர் தி அவுட்கம்', 'அஃபெக்ட் தி அவுட்கம்', 'பிரெடிக்ட் தி அவுட்கம்', 'வெயிட் ஃபார் தி அவுட்கம்' எல்லாம் தாராளமாக எழுதலாம். இவை எல்லாமே முடிவு இன்னும் தெரியாத நேரத்தில் சொல்லப்படுபவை என்பதைக் கவனியுங்கள். 'ஃபைனல் அவுட்கம்' வேண்டாத நீட்டல் என்று சிலர் அடித்துவிடுவார்கள். இடையில் வந்த முடிவு வேறு, கடைசியில் நின்ற முடிவு வேறு என்று இருக்கும்போது அதை எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தமிழிலிருந்து யோசித்து எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. நம் 'முடிவு' முடிவதையும் குறிக்கும், தீர்மானத்தையும் குறிக்கும். "கூட்டத்தில் முடிவு எடுத்தார்கள்" என்பதை மனதில் வைத்துக்கொண்டு 'அவுட்கம் வாஸ் டேக்கன்' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வர வேண்டியது 'டிசிஷன்'. அந்தத் தீர்மானம் பிறகு எப்படிப் போய் முடிந்தது என்பதுதான் அவுட்கம்.

"ஆங்கிலேயர்களே அவுட்கமையும் ரிசல்டையும் மாற்றி மாற்றித்தானே பயன்படுத்துகிறார்கள்?" என்று யாராவது வருவார்கள், தெரியும். ஆமாம், ஒரு ஆட்டம் முடிந்தபிறகு 'தி அவுட்கம் ஆஃப் தி மேட்ச்' என்றாலும் 'தி ரிசல்ட் ஆஃப் தி மேட்ச்' என்றாலும் சரிதான். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடம் பெரியது. நான் சொல்வது படியாத இடங்களைப் பற்றி. நான் மொழியியல் படித்தவள் கிடையாது. ஆனால் ஒரு சொல்லால் ஒரு நோயாளி மிரண்டு போயிருப்பார் என்று தெரிந்தபிறகு "இரண்டும் ஒன்றுதான், விடுங்கள்" என்று என்னால் சொல்ல முடியாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. இந்த வேலைக்குக் கூலி மூலத்தில் இருக்கும் சொல்லை எண்ணித்தான் கொடுக்கிறார்கள். 'அவுட்கம்' ஒரு சொல். அதைச் சரியாக எழுத எனக்கு ஒரு நாள் மாலை முழுக்கப் போனது, அதற்கும் ஒரு சொல்லுக்கான காசுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பிவிட்டு திங்கட்கிழமை காலையில் கேட்பார்கள். அனுப்புவதும் பாதி நேரம் கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப், ஒரு வரி தெரியும், அடுத்த வரி மடிப்பில் போயிருக்கும். புரோட்டோகாலைக் கேட்டால், "அது எதுக்கு மேடம், ஃபார்ம் மட்டும்தானே?" என்பார்கள். எதைப் பற்றிய ஆய்வு என்றே காட்டாமல் அதன் அவுட்கமை மட்டும் மொழிபெயர்க்கச் சொன்னால் எப்படி? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு புரோட்டோகால் தராத வேலையை நான் எடுப்பதில்லை. அதனால் வேலை குறைந்திருக்கிறது, உண்மைதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடித்து மாற்றிய அந்த வாக்கியத்தையும் அதற்கு முந்தைய வரியையும் அப்படியே இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். முந்தைய வரி கட்டாயம் வேண்டும். நீங்கள் அந்த இடத்தில் நடக்கப்போவதைப் பேசுகிறீர்களா, நடந்து முடிந்ததைப் பேசுகிறீர்களா என்று அதில்தான் தெரியும்.